சூடோமோனாஸ் கிருமியும் மருத்துவமனை நோயாளிகளும்

சூடோமோனாஸ் என்னும் பெயர் நம் உழவர்களுக்குப் புதியதன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆராய்ந்து பரப்பிய நுண்ணுயிர்ப் பொடிகளுள் ஒன்று இப்பெயராலேயே கிராமங்களில் வழங்குகிறது. நெல் விதையைக் கிலோவுக்கு 10 கிராம் பொடியுடன் கலந்து விதைத்தால், பயிருக்குக் கேடு செய்யும் பூஞ்சைகள் அடங்கும். இப்பொடியில் உள்ள கிருமி சூடோமோனாஸ் புளோரசென்ஸ் என்ற இனத்தைச் சேர்ந்தது. மண்ணின் மிதமான வெப்பத்தில் அது நன்கு வளரும். மனித உடலின் வெப்பத்தில் அதன் வளர்ச்சி குன்றிவிடுகிறது. ஆகவே மனிதருக்கு அதனால் நோய் வருவது மிக அரிது.

அதே பேரினத்தைச் சேர்ந்த மற்றோர் இனம் சூடோமோனாஸ் ஏருஜினோசா எனப்படும். அதுவும் மண்ணிலும் நீரிலும் வாழ்வதே. ஆயினும் உடல் வெப்பத்திலும் அதனினும் மிகுந்த 42 டிகிரி சென்டிகிரேடிலும் செழித்து வளரவல்லது. நல்ல உடல்நலமுள்ள ஒருவர் நாள்தோறும் அதனைத் தொட்டும் விழுங்கியும் வாழ்கிறார். அவருக்கு யாதொரு தீங்கும் நேர்வதில்லை. தீக்காயம்பட்டவர், அறுவைச் சிகிச்சை பெற்றவர், செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்பட்டவர், குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஆகியோரிடம் அதே கிருமி உயிர்க்கொல்லியாக மாறுகிறது. குணமடைய வேண்டிச் சென்ற இடத்திலேயே புதியதொரு நோய் பற்றிக்கொள்வது பெருந்துயரம். அந்நோய் எவ்வாறு வருகிறது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். களப் பணியாளர்கள் வயல் பொடியையும் நோய்க் கிருமியையும் ஒன்றென மயங்கும் மக்களின் ஐயத்தை முதலில் நீக்குதல் வேண்டும்.

பச்சைச் சீழின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுவை மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கண்டு வந்தனர். புண்களுக்குக் கட்டிய துணிகள் சில வேளைகளில் நீலப் பச்சை நிறம் பெற்றன. 1860-ஆம் ஆண்டில் போர்டோஸ் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் அத்துணிகளிலிருந்து நீல நிறப்பொருளைப் பிரித்தெடுத்தார். கிரேக்க மொழியில் ‘சீழ்’, ‘நீலம்’ என்ற பொருள் தரும் இரு சொற்களைச் சேர்த்து, அதற்குப் பயோசயனின் என்று பெயரிடப்பட்டது. 1862-இல் லூக்கே என்பவர் இந்நிறத்துக்கும் கோல் வடிவமான நுண்ணுயிர்களுக்கும் தொடர்பு உண்டு என்பதைக் கண்டார். 1882-இல் கார்ல் ஜெஸ்ஸார் என்ற பிரெஞ்சு மருந்தாளர் அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்து, ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார்.

கிருமியின் இனப்பெயரும் நிறத்தினின்றே பிறந்தது. செம்புப் பாத்திரத்தில் புளிப்புப் பட்டால் பச்சைக் களிம்பு ஏறுவதை நாம் அறிவோம். அக்களிம்புக்கு இலத்தீன் மொழியில் உள்ள சொல்லே ‘ஏருஜினோசா’ என்ற பெயருக்கு அடிப்படை. புண்கட்டில் களிம்பு பூத்தாற்போன்ற நிறமும், பழுத்த திராட்சையின் மணத்தை ஒத்த ஒரு மணமும் இக்கிருமியின் அடையாளங்கள். தேர்ந்த செவிலியர் பலர் கட்டை அவிழ்க்கும்போதே இவற்றால் ஐயுறுவர். எனினும் நிறம் தோன்றாத வகைகளும் உள. ஆகவே நிறம் இல்லை என்பதால் கிருமி இல்லை என முடிவு செய்தல் கூடாது. ஆய்வுக்கூடச் சோதனையே முடிவானது.

இக்கிருமியிடமிருந்தே மருந்து செய்யவும் ஒரு காலத்தில் முயன்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. 1899-இல் எம்மெரிக், லோவ் என்ற இரு ஜெர்மானிய அறிஞர்கள் இதன் வளர்ப்பு நீரினின்று பயோசயனேஸ் என்ற பொருளைத் தயாரித்து, பிற கிருமிகளை ஒழிக்கப் பயன்படுத்தினர். அதன் பலன் நிலையற்றதாகவும், அது நச்சுத்தன்மை உடையதாகவும் இருந்தமையால் பின்னர் கைவிடப்பட்டது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முப்பது ஆண்டுகள் முன்னர் நடந்த முயற்சி அது.

கிருமியின் இயல்பு

சூடோமோனாஸ் ஏருஜினோசா ஒரு சிறு கோல் போன்றது. நீளம் 1.5 முதல் 3 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் ஒரு முனையில் உள்ள சாட்டை போன்ற இழை சுழன்று, கிருமியை நீரில் விரைந்து செலுத்துகிறது.

இதன் உணவுத் தேவை மிக எளியது. பெரும்பாலான நோய்க் கிருமிகளுக்கு இரத்தமோ, புரதமோ, சர்க்கரையோ வேண்டும். இதற்கோ குழாய் நீரில் கரைந்துள்ள சிறிதளவு கரிமப் பொருளே போதுமானது. காய்ச்சி வடித்த நீரைத் திறந்து வைத்தாலும் அதில் புகுந்து பெருகும். இத்துணை வளைந்து கொடுக்கும் திறன் எங்கிருந்து வந்தது என்பதற்கு 2000-ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அவ்வாண்டு இக்கிருமியின் மரபுப் பொருள் முழுவதும் படித்தறியப்பட்டது. அதில் ஏறத்தாழ 63 லட்சம் எழுத்திணைகளும் 5,570 மரபணுக்களும் இருத்தல் தெரியவந்தது. நம் குடலில் வாழும் ஈ. கோலை கிருமியின் ஆய்வுக்கூட வகைக்குச் சுமார் 4,300 மரபணுக்களே உள்ளன. மரபணு மிகுந்தால் சூழ்நிலைக்கு ஏற்ற கருவிகளும் மிகும்.

அக்கருவிகளுள் தலையாயது உயிர்ப்படலம் என்பது. கிருமிகள் ஈரமான ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதனுள் கூட்டமாக வாழ்கின்றன. குழாய் முனையைத் தடவினால் விரலில் வழுவழுப்பாகப் படுவது இத்தகைய படலமே. படலத்தினுள் உள்ள கிருமிகள் ரசாயன சமிக்ஞைகளால் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. தம் எண்ணிக்கை போதிய அளவு பெருகியது என்பதை அறிந்த பின்னரே பல நச்சுப் பொருள்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. மருந்தும், வெள்ளணுக்களும், கிருமிநாசினியும் படலத்தின் மேற்புறத்தைத் தாக்கலாம். அடியில் உள்ளவை தப்பிப் பிழைத்து மீண்டும் பெருகுகின்றன.

யாரைத் தாக்குகிறது?

மனித உடலுக்கு மூவகை அரண்கள் உண்டு. முதலாவது, பிளவுபடாத தோலும் உள் சவ்வுகளும். இரண்டாவது, இரத்தத்தின் வெள்ளணுக்கள். மூன்றாவது, இருமல், கண்ணீர், சிறுநீர் ஆகியன கிருமியை வெளியே தள்ளும் இயற்கை ஒழுங்கு. இவற்றுள் ஒன்றேனும் குலைந்த இடத்தில்தான் சூடோமோனாஸ் புகுகிறது.

தீக்காயத்தில் முதல் அரண் அழிகிறது. வெந்த தசை ஈரமும் ஊட்டமும் நிறைந்தது. இரத்த ஓட்டம் அற்றதால் வெள்ளணுக்களோ மருந்தோ அங்கே சென்றெட்டுவதில்லை. 1960-கள் வரை பெருந்தீக்காய நோயாளிகள் பலர் இக்கிருமியாலேயே மாண்டனர். 1965-இல் வெள்ளி நைட்ரேட் கரைசலும், 1968-இல் சில்வர் சல்பாடயசின் களிம்பும் வழக்குக்கு வந்தபின் அம்மரணங்கள் குறைந்தன. வெந்த தோலை விரைவில் அகற்றி ஒட்டுத்தோல் வைக்கும் முறை மேலும் பயனளித்தது.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரிடம் இரண்டாம் அரண் தளர்கிறது. மருந்தின் விளைவாக வெள்ளணுக்கள் மிகக் குறைந்துள்ள நாள்களில் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டால், சில மணி நேரத்தில் உயிருக்கு இடையூறு நேரலாம். அத்தகையோருக்குச் சில வேளைகளில் தோலில் நடுவே கறுத்த புண்கள் தோன்றும். வெள்ளணு குறைந்த நோயாளிக்குக் காய்ச்சல் கண்டால், ஆய்வின் முடிவுக்குக் காத்திராமல் உடனே மருந்து தொடங்க வேண்டும் என்ற விதி இதனாலேயே ஏற்பட்டது.

மூன்றாம் அரணைப் பெரும்பாலும் மருத்துவக் கருவிகளே குலைக்கின்றன. மூச்சுக் குழலில் செலுத்திய குழாய் இருமலைத் தடுக்கிறது. சிறுநீர்க் கதீட்டர் வெளியிலிருந்து உள்ளே ஒரு வழி திறந்து வைக்கிறது. இவை உயிரைக் காப்பவை, ஐயமில்லை. ஆயினும் அவற்றின் உட்புறத்தில் உயிர்ப்படலம் படியுமாயின், நுரையீரல் அழற்சியும் சிறுநீர்த் தொற்றும் பின்தொடர்கின்றன. குழாய் எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நாளும் ஆபத்து வளர்ந்துகொண்டே செல்லும்.

மேலைநாடுகளில் மிகுதியாகக் காணப்படும் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில், நுரையீரலின் சளி கெட்டிப்பட்டுத் தேங்குகிறது. அங்கே குடிபுகும் சூடோமோனாஸ் அல்ஜினேட் என்னும் பசைப் பொருளைச் சுரந்து, பல ஆண்டுகள் நீங்காது தங்கி, நுரையீரலைச் சிறிது சிறிதாக அழிக்கிறது.

உடலுள் புகுந்த கிருமி செய்யும் கேடு பலவகைப்பட்டது. அதன் நச்சுகளுள் ஒன்றான எக்ஸோடாக்ஸின்-ஏ, தொண்டை அடைப்பான் நோயின் நச்சைப் போலவே உயிரணுக்களில் புரதம் உண்டாவதைத் தடுத்து அவற்றைக் கொல்கிறது. எலாஸ்டேஸ் என்ற நொதி இரத்தக் குழாய்களுக்கும் நுரையீரலுக்கும் நெகிழ்ச்சி தரும் இழைகளைக் கரைத்துவிடுகிறது. இவற்றோடு, ஊசி போன்ற ஓர் அமைப்பினால் நம் உயிரணுக்களுக்குள் நேராகவே நஞ்சைச் செலுத்தும் ஆற்றலும் இதற்கு உண்டு.

மருத்துவமனையில் அது தங்கும் இடங்கள்

இக்கிருமி ஈரத்தை நாடுவது. கைகழுவும் தொட்டி, அதன் கழிவுத் துளை, குழாய் முனையின் வலை, ஆக்சிஜன் ஈரப்படுத்தும் புட்டி, நெபுலைசர் கிண்ணம், தரை துடைக்கும் துணி, பூச்சாடி நீர், திறந்து வைத்த சலைன் புட்டி ஆகியவற்றிலே இது தங்கும். தூய்மைக்கென்றே வைத்த பொருள்கள் நோயின் ஊற்றாவதற்கு வரலாற்றில் சான்றுகள் உள்ளன.

1951-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் லோபரி என்ற அறிஞர், செட்ரிமைடு என்ற கிருமிநாசினிக் கரைசலிலேயே இக்கிருமி இருத்தலைக் கண்டறிந்து வெளியிட்டார். நீர்த்த கரைசலைப் பழைய புட்டியில் ஊற்றி, தக்கையால் மூடி, பல நாள் வைத்திருப்பது அக்கால வழக்கம். தக்கையின் நுண்துளைகள் கிருமிக்குப் புகலிடமாயின. அக்கரைசலால் புண்ணைக் கழுவியபோது கிருமியே புண்ணில் ஊற்றப்பட்டது. கரைசலை அன்றன்று புதிதாகத் தயாரிக்க வேண்டும், மீதியுள்ள புட்டியில் மேலும் ஊற்றி நிரப்பக் கூடாது என்ற விதிகளின் காரணம் இதுவே.

கனடாவின் டொரான்டோ பொது மருத்துவமனையில் 2004 டிசம்பர் முதல் 2006 மார்ச் வரை தீவிர சிகிச்சைப் பிரிவிலும் உறுப்பு மாற்றுப் பிரிவிலும் 36 நோயாளிகளுக்கு மருந்து எதிர்ப்புள்ள சூடோமோனாஸ் தொற்றியது. கைகழுவும் தொட்டிகளின் கழிவுத் துளையிலே அதே வகைக் கிருமி காணப்பட்டது. ஒளிரும் சாயமொன்றைத் துளையில் இட்டுக் குழாயைத் திறந்து பார்த்தபோது, நீர் நேராகத் துளையின்மீது விழுந்து தெறித்து, ஒரு மீட்டர் தொலைவு வரை சாயம் படிந்தது. நோயாளியின் படுக்கையும், மருந்து தயாரிக்கும் மேசையும் அத்தொலைவுக்குள் இருந்தன. தொட்டிகளின் அமைப்பை மாற்றித் தெறிப்பைத் தடுத்த பின்னரே தொற்று நின்றது. கைகழுவுதல் நன்று, எனினும் கைகழுவும் இடமும் நன்கு அமைந்திருத்தல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

2011 டிசம்பர், 2012 ஜனவரி மாதங்களில் வட அயர்லாந்தின் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளின் பிரிவுகளில் இக்கிருமி பரவி நான்கு சிசுக்கள் இறந்தன. குழாய் நீரிலும், நீர் ஒழுங்காக விழும்பொருட்டுக் குழாய் முனையில் பொருத்திய உறுப்புகளிலும் கிருமி இருத்தலை விசாரணை கண்டது. அதன் பின்னர் குறைமாதக் குழந்தைகளைக் குழாய் நீரால் துடைக்கலாகாது, தொற்று நீக்கிய நீரையே பயன்படுத்த வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது.

மிக அண்மைக் காலச் சான்று நம் நாட்டோடும் தொடர்புடையது. 2023-இல் அமெரிக்காவில், கண் உலர்வுக்கு இடும் செயற்கைக் கண்ணீர்த் துளிகளைப் பயன்படுத்தியோரிடையே இக்கிருமி பரவியது. அத்துளி மருந்து சென்னைக்கு அருகில் தயாரிக்கப்பட்டது. கிருமி வளர்வதைத் தடுக்கும் காப்புப் பொருள் அதில் சேர்க்கப்படவில்லை. பயன்பாட்டுக்குத் திறந்த புட்டிகளில் அதே கிருமி காணப்பட்டது. அவ்வாண்டு மே மாதக் கணக்கின்படி 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர், 14 பேர் பார்வை இழந்தனர், நால்வருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது, நால்வர் இறந்தனர். மருந்து உற்பத்தியில் ஒரு துளி நீரின் தூய்மையும் எத்துணைப் பொறுப்புடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல்

பெனிசிலின் வந்தபோது பல கிருமிகள் அடங்கின, சூடோமோனாஸ் அடங்கவில்லை. அதன் வெளியுறை மிக நெருக்கமானது. மருந்து நுழையும் நுண்வாயில்கள் குறுகியவை. நுழைந்த மருந்தையும் வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள் அதன் உறையில் உள்ளன. எஞ்சியதைச் சிதைக்கும் நொதிகளும் உண்டு. அரண், அகழி, காவற்படை என மூன்றும் அமைந்த கோட்டைக்கு ஒப்பானது இது.

1960-களில் ஜென்டாமைசின், கார்பெனிசிலின் என்ற இரு மருந்துகள் வந்தன. பின்னர் பிப்பராசிலின், செப்டாசிடிம், அமிக்காசின், சிப்ரோபிளாக்சாசின் ஆகியன பயனளித்தன. 1980-களில் வந்த இமிபெனம், அதன்பின் வந்த மெரோபெனம் ஆகிய கார்பபெனம் மருந்துகள் வலிமையானவை. ஆயினும் இவ்வெற்றி நிலைக்கவில்லை. 1997-இல் இத்தாலியின் வெரோனா நகரில் ஒரு நோயாளியிடம் பெற்ற சூடோமோனாஸ் கிருமி, கார்பபெனம் மருந்தைச் சிதைக்கும் புதியதொரு நொதியை உடையதாயிருந்தது. நகரின் பெயரையொட்டி அது விம் என அழைக்கப்படுகிறது. 2023-இல் அமெரிக்காவில் கண்களைக் கெடுத்த கிருமியிடம் இருந்ததும் இந்நொதியே. இத்தகைய நொதிகளுக்குரிய மரபணுக்கள் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இயல்புடையன.

கார்பபெனமும் பயனற்றபோது கோலிஸ்டின் என்ற பழைய மருந்தை மருத்துவர்கள் மீண்டும் நாடினர். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் ஒதுக்கி வைக்கப்பட்ட மருந்து அது. கோழிப் பண்ணைகளில் அதனைத் தீவனத்தில் சேர்த்து வீணாக்குவதைத் தடுக்க, உணவுக்கென வளர்க்கும் விலங்குகளுக்கு அதனைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது. செப்டோலோசேன், டாசோபாக்டம் சேர்ந்த புதிய கலவை மருந்து பல வகைகளுக்குப் பயன்படுகிறது. எனினும் விம் போன்ற நொதி உள்ள வகையிடம் அதுவும் செல்லுபடியாவதில்லை.

2019-ஆம் ஆண்டுக்கென உலகளவில் செய்த ஒரு மதிப்பீட்டின்படி, பாக்டீரியத் தொற்றுகளால் மிகுந்த மரணம் விளைவிக்கும் ஐந்து கிருமிகளுள் சூடோமோனாஸ் ஒன்று. ஐந்தில் ஒவ்வொன்றும் அவ்வோராண்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இறப்புகளோடு தொடர்புடையது. புதிய மருந்து வேண்டப்படும் கிருமிகளின் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்டபோது, கார்பபெனத்தை எதிர்க்கும் சூடோமோனாஸ் மிக நெருக்கடியான வகுப்பில் வைக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டுப் பட்டியலில் அதற்கடுத்த உயர் முன்னுரிமை வகுப்பில் உள்ளது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பு, மருத்துவமனைகளில் இக்கிருமியின் எதிர்ப்பு ஆற்றலைத் தொடர்ந்து கணித்து வருகிறது.

மருத்துவமனையில் தடுப்பு முறைகள்

மருந்து தோற்கும் இடத்தில் தடுப்பே எஞ்சும் வழி. அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை, ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, கைத்தூய்மை. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் ஆல்கஹால் கலந்த திரவத்தை 20 முதல் 30 விநாடி வரை இரு கைகளிலும் தேய்த்தல் வேண்டும். கையில் அழுக்கு வெளிப்படையாக இருப்பின், சோப்பும் நீரும் கொண்டு 40 முதல் 60 விநாடி வரை கழுவி, தூய காகிதத்தாலோ தனித் துணியாலோ உலர்த்துதல் வேண்டும். பலர் துடைத்த ஈரத்துண்டு கையைத் தூய்மையாக்குவதற்கு மாறாகக் கிருமியைப் பரப்பும்.

இரண்டாவது, கைகழுவும் தொட்டியைக் கைகழுவ மட்டுமே பயன்படுத்துதல். மீந்த மருந்து, பால், நோயாளியின் கழிவு நீர் ஆகியவற்றை அதில் கொட்டினால், துளையில் உள்ள கிருமிக்கு உணவளித்தவராவோம். மருந்து, ஊசி, குழந்தையின் பால் ஆகியவற்றைத் தொட்டியின் அருகே தயாரித்தல் கூடாது.

மூன்றாவது, குழாய்களைத் தேவைக்கு மேல் ஒரு நாளும் வைத்திராமை. ‘இன்று இந்தக் கதீட்டர் வேண்டுமா?’ என்ற வினாவை ஒவ்வொரு காலையும் எழுப்புதல் நல்ல மருத்துவமனையின் அடையாளம். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குத் தாழ்வாகவும், தரையில் படாமலும் தொங்க வேண்டும்.

நான்காவது, கிருமிநாசினியை முறையறிந்து வழங்குதல். 33 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 30 கிராமை ஒரு லிட்டர் நீரில் கலந்தால் ஏறத்தாழ 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதனை அன்றன்று தயாரித்தல் வேண்டும். அழுக்கை முதலில் தேய்த்துக் கழுவிய பின்னரே கரைசலை ஊற்றுதல் முறை. அழுக்கு எஞ்சியிருப்பின் குளோரினின் ஆற்றல் அதிலேயே செலவாகிவிடும். துடைப்புத் துணிகளைத் துவைத்து வெயிலில் உலர்த்தல் வேண்டும். வாளி நீரில் ஊறவிடுதல் தவறு.

இவை யாவும் 2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட தொற்றுத் தடுப்பு வழிகாட்டி நெறிகளின் அடிப்படைக் கருத்துகளோடு பொருந்துவன. 2015-இல் தொடங்கிய காயகல்ப் திட்டத்தின் கீழ், இவ்வொழுங்குகளைப் பேணும் அரசு மருத்துவ நிலையங்கள் பரிசும் பெறுகின்றன.

களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரோடு கதீட்டரும், ஆக்சிஜன் கருவியும், ஆறாத புண்ணும் வீட்டுக்கு வருகின்றன. ஆகவே தடுப்புப் பணி வார்டின் வாயிலோடு முடிவதில்லை.

ஆக்சிஜன் பெறும் நோயாளியின் வீட்டில் ஈரப்படுத்தும் புட்டியைக் காண்க. அதில் குழாய் நீரை ஊற்றுவது பலரது வழக்கம். காய்ச்சி வடித்த நீர் அல்லது கொதிக்க வைத்து ஆற்றிய நீரையே ஊற்ற வேண்டும். நாள்தோறும் பழைய நீரைக் கொட்டி, புட்டியைக் கழுவி உலர்த்திய பின்னரே புதிய நீரை நிரப்ப வேண்டும். நெபுலைசர் கிண்ணத்துக்கும் இதே விதி பொருந்தும்.

வயலில் வேலை செய்வோர் கண்ணில் நெற்சுணை, தாள் முதலியன பட்டுக் கருவிழியில் கீறல் ஏற்படுதல் உண்டு. கீறலில் சூடோமோனாஸ் புகுந்துவிட்டால் ஓரிரு நாளிலேயே கருவிழி கரைந்து பார்வை போகலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றை இட்டுப் பார்த்துக் காலம் கடத்துவதால் இழந்த கண்கள் பல. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசுமாயின் அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புக. ஒட்டு வில்லை அணிவோர் அதனைக் குழாய் நீரில் கழுவுதலும், அணிந்தவாறே உறங்குதலும் கூடாது.

நீரிழிவுள்ள முதியவருக்குத் தீராத காது வலியும் சீழும் காணுமாயின் அதனை எளிதாக எண்ணலாகாது. சூடோமோனாஸ் காதிலிருந்து மண்டை எலும்புக்குப் பரவும் கொடிய நோயின் தொடக்கமாக அது இருக்கலாம். காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றும் வழக்கத்தை விலக்குக. அத்தகையோரின் கால்களையும் ஒவ்வொரு வருகையிலும் பார்வையிடுதல் நன்று; ஈரத்தில் ஊறிய கால் விரலிடைப் புண் இக்கிருமிக்கு எளிய வாயில்.

புண் பச்சை நிறச் சீழ் வைத்தால், கடையில் தாமாக மருந்து வாங்கித் தின்பதைத் தடுக்க வேண்டும். வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்துகளுள் பெரும்பாலானவை இக்கிருமியைத் தொடுவதில்லை. உடலிலுள்ள நற்கிருமிகளை மட்டும் அழித்து இதற்கு இடம் அகற்றித் தருகின்றன. வலிமை மிக்க பல ஆன்டிபயாடிக் மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்றல் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும் என்னும் எச்-1 அட்டவணை விதி 2014 மார்ச்சு முதல் நடப்பில் உள்ளது.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு

உயிர்ப்படலத்தின் இயல்பை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். கண்ணாடித் தம்ளரொன்றில் பூந்தண்டுகளை இட்டு, நீரை மாற்றாது நான்கைந்து நாள் வைத்திருந்தால் உட்புறத்தில் வழுவழுப்பான படலம் தோன்றும். ஆசிரியர் கையுறை அணிந்து, ஒரு பாதியில் நீரை மட்டும் ஊற்றட்டும். மறு பாதியைத் தூரிகையால் சோப்பிட்டுத் தேய்க்கட்டும். ஊற்றிய பாதியில் படலம் நீங்காமையையும், தேய்த்த பாதி தெளிவதையும் மாணவர் தாமே காண்பர். கிருமிநாசினியை வெறுமனே தெளிப்பதால் தூய்மை ஏற்படாது, தேய்த்தலே முதற்படி என்ற உண்மை அவர்கள் மனத்தில் பதியும். அந்நீரை மாணவர் தொடலாகாது; முடிவில் பிளீச்சிங் பவுடர் கரைசல் கலந்து கொட்டிவிட வேண்டும். கிருமியைத் தட்டில் வளர்த்துக் காட்டும் சோதனையைப் பள்ளியில் செய்தல் அறவே கூடாது.

விளையாடும் சிறுவரின் பாதத்தில் ரப்பர் காலணியை ஊடுருவி ஆணி குத்துவதுண்டு. வியர்வையில் ஊறிய காலணியின் அடிப்பகுதியிலே இக்கிருமி தங்கும். ஆணி அதனை எலும்பு வரை கொண்டு சேர்க்கும். இரணஜன்னி ஊசி போடுவதோடு நில்லாமல், சில நாள் கழித்து வலியும் வீக்கமும் மீளுமாயின் மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோருக்குச் சொல்லுதல் ஆசிரியர் கடமை.

சூடோமோனாஸை உலகினின்று ஒழித்தல் இயலாது, ஒழிக்க வேண்டுவதுமில்லை. மண்ணும் நீரும் உள்ளவரை அது இருக்கும். நலிந்தவர் உடலுக்கும் அதற்கும் இடையே ஒரு தடையை நாள்தோறும் காத்து வருதலே நம்மால் ஆவது. கழுவிய கை, உலர்ந்த புட்டி, உரிய காலத்தில் அகற்றிய குழாய், அன்றே மருத்துவரிடம் அனுப்பிய கண் நோயாளி ஆகிய இவையே அத்தடை. இவற்றுள் எதுவும் விலைமதிப்புள்ள மருந்தன்று. ஆயினும் விலைமதிப்புள்ள மருந்துகள் தோற்ற பின்னர் உயிரைக் காக்க இவற்றினும் சிறந்தன இல்லை.